டூட்டி அக்கா எழுதிய ஏஜென்ட்

பஸ் டிப்போவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் டூட்டி அக்காதான். அவளைவிட வயதில் ரொம்பவே மூத்த டிரைவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்த வண்டியை எந்த ரூட்டில் எத்தனை மணிக்கு எடுப்பது என்று சார்ட் போடுகிற வேலை அவளுக்கு. கம்பிவலை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஒரு முகம் தொங்கிக்கொண்டிருக்கும்.

"அக்கா, நாளைக்கு லீவு வேணும். மச்சினன் கல்யாணம்."

"போன மாசமும் மச்சினன் கல்யாணம்தானே?"

"இது அடுத்த மச்சினன்க்கா."

"உங்க மாமனாருக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க, நான் வருஷத்துக்கும் சேர்த்துச் சார்ட் போட்டுடறேன்." திட்டிக்கொண்டேதான் மாற்றிக் கொடுப்பாள்.

அந்தச் சார்ட் முன்பெல்லாம் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். டிரைவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே வீட்டிலிருந்து கிளம்பி வருவார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு, இணையத்தில் கிடைத்த பாடங்களைப் பார்த்துப் பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டாள். முட்டி மோதி ஒரு வலைப்பக்கம் செய்தாள். அதன்பிறகு டிரைவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டே போனில் டூட்டி பார்த்தார்கள். டிப்போவில் ஒருநாள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அவள் கணவன் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்குப் போனான். குளிர் தேசம். ஒரு ஏஜென்ட் மூலமாகத்தான் போனான். வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும் இருந்தார்கள்.

இவளுக்கு ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மதிய டூட்டி. அவனுக்கு அங்கே எந்த ஒழுங்கும் கிடையாது. இரண்டு நாள் பகல், ஒரு நாள் ராத்திரி, நடுவில் யாராவது லீவு போட்டால் அவன் தலையில் வந்து விழும். இவள் ஜன்னலில் இருக்கும்போது அவன் விழித்திருப்பான். இவள் வீடு வந்து சேரும்போது அவன் வார்டில் இருப்பான். தப்பித்தவறி இரண்டு பேரும் ஓய்வாக இருக்கிற நேரம் வாய்த்தால், போனை மாமியார் வாங்கிக்கொள்வார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மகன் சொல்கிற ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டு, மூன்றாவது தடவை வேறொன்றாகப் புரிந்துகொண்டு, அதற்கு விளக்கம் வாங்கி முடிப்பதற்குள் அங்கே அவனுக்குப் பஸ் வந்துவிடும். "அவகிட்ட அப்புறம் பேசறேம்மா" என்று சொல்லிவிட்டு ஓடுவான்.

அதனால் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டார்கள். வேலைக்குப் போகும் வழியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். அவன் குரல் அப்படியேதான் இருந்தது. பேசுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுகிற பழக்கம்கூட அப்படியே இருந்தது. ஆனால் அந்தக் குரலுக்குக் குறுக்கே பேச முடியாது. அவன் ஒரு கதையை நீட்டி முழக்கும்போது, "சரி சரி, விஷயத்துக்கு வாங்க" என்று சொல்ல முடியாது. அவள் எதற்கு ஏங்கினாள் என்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். அவன் பேச்சில் ஒருதடவை குறுக்கே புகுந்து பேசவேண்டும்.

அப்படி இருந்தபோதுதான் ஏஜென்ட் எழுதுவதைப் பற்றி எங்கோ படித்தாள். விசா வாங்கித் தருகிற ஏஜென்ட் இல்லை. கம்ப்யூட்டரில் செய்வது. கேட்டால் பதில் சொல்கிற ஏஐ மாடல்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றுக்குக் கைகால் மாதிரி சில கருவிகளைக் கொடுத்து, இதுதான் உன் வேலை என்று விட்டுவிடுவது. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று அதுவே யோசித்துச் செய்யும். அதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபிரேம்வொர்க், பாதி வேலையை முன்கூட்டியே செய்து வைத்த ஒரு சட்டகம், வந்திருந்தது. ஆரம்பிக்கிறவர்களுக்கான பக்கத்தை ஒரு வார விடுமுறையன்று காலையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டிப்போவில் டிரைவர்களுக்கெல்லாம் நேரம் ஒதுக்குகிறோமே, நம் இரண்டு பேருக்கு ஒரு நேரம் கண்டுபிடிக்க முடியாதா என்பதுதான் அவள் எண்ணம். அவனுடைய டூட்டியை ஒரு கருவி படிக்கும். இவளுடையதை இன்னொரு கருவி படிக்கும். இரண்டுக்கும் பொதுவான நேரத்தை ஏஜென்ட் கண்டுபிடித்துச் சொல்லும்.

பக்கத்தில் சொல்லியிருந்தபடி ஒரு வரியைத் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. புராஜெக்டுக்கு என்ன பெயர்? 'பேச்சு' என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். எந்த மாடல்? ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சாவி என்றால் அந்த மாடலைக் கூப்பிடுவதற்கான ரகசியச் சொல். அதை வாங்குவதற்குள் ஒரு மணி நேரம் போனது. வாங்கியதைத் தவறான ஃபைலில் வைத்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டதில் இன்னொரு மணி நேரம் போனது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா பண்றே, காலையிலேர்ந்து?"

"ஒரு ஏஜென்ட் தயார் பண்றேன் அத்தை."

மாமியார் முகம் மாறிவிட்டது. "இன்னொரு ஏஜென்டா? ஒருத்தன் வந்து என் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தது போதாதா? இப்ப நீயும் கிளம்பறியா?"

"ஐயோ, அது இல்லை அத்தை. இது யாரையும் கொண்டுபோகாது. அவரைப் போன்ல பிடிச்சுக் கொடுக்கும்."

"கமிஷன் எவ்வளவு கேக்கறான்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவன் கொஞ்சம் கம்மியாகத்தான் வாங்குவான் என்று சொல்லி வைத்தாள்.

ஃபிரேம்வொர்க்கில் மாதிரிக்கு ஒரு ஏஜென்ட் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். வானிலை சொல்கிற ஏஜென்ட். எந்த ஊர் என்று எழுதினால், ஒரு கருவியைக் கூப்பிட்டு அந்த ஊரின் வெப்பநிலையைச் சொல்லும். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது. பிரவுசரில் அது திறந்ததும் அவள் யோசிக்கவே இல்லை. விரல் தானாக அவன் இருக்கிற ஊரின் பெயரை அடித்தது.

இப்போது அங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கிறது, காற்று பலமாக இருக்கிறது, ஈரப் பனி விழலாம் என்று பதில் வந்தது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவனிடம் கேட்டால், "குளிரெல்லாம் பழகிடுச்சு, ஒண்ணும் இல்லை" என்பான். இப்போது பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பானா, காதை மூடியிருப்பானா? கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அதே பதில் வந்தது. மாதிரி ஏஜென்டை அழித்துவிட்டு உங்களுடையதை எழுதுங்கள் என்று பக்கத்தில் போட்டிருந்தது. அவளுடையதை எழுதினாள். மாதிரியை அழிக்கவில்லை.

முதல் ஏஜென்ட் அவளை நன்றாகவே ஏமாற்றியது. அவசரத்தில் கருவிகளை இணைக்காமல், என்ன செய்யவேண்டும் என்கிற கட்டளையை மட்டும் எழுதிவிட்டு, "இந்த வாரம் நாங்க எப்ப பேசலாம்?" என்று கேட்டுவிட்டாள். வியாழக்கிழமை மதியம் உங்கள் இருவருக்கும் வசதியான நேரம், மகிழ்ச்சியாகப் பேசுங்கள் என்று பளிச்சென்று பதில் வந்தது. அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் நம்பிவிட்டாள். வியாழக்கிழமை மதியம் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அப்போது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு நோயாளியின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றிருந்தான் என்று பிற்பாடு வந்த வாய்ஸ் மெசேஜில் தெரிந்தது. ஏஜென்டுக்கு அவன் டூட்டி என்னவென்றே தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அதற்குப்பிறகு பொறுமையாக எழுதினாள். அவன் தன் டூட்டியைப் போட்டு வைக்க ஒரு பொது அட்டவணை. அதைப் படிக்க ஒரு கருவி. டிப்போ சார்ட்டில் அவளுடைய டூட்டியைப் படிக்க ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் மேலே, இது எதற்கு, எப்போது எடுக்கவேண்டும் என்று விளக்கமாக எழுத வேண்டியிருந்தது. அந்த விளக்கம் மழுப்பலாக இருந்தால் ஏஜென்ட் கருவியை எடுக்காமல் சொந்தமாகக் கதை விட்டது. "அட்டவணையைப் பார்க்காமல் நேரம் சொல்லாதே. பொது நேரம் இல்லை என்றால் இல்லை என்று சொல்" என்று கட்டளையில் சேர்த்தாள். மூன்றாவது கருவி இரண்டு ஊர் மணியையும் ஒப்பிட. இத்தனை மணி நேரம் கூட்டு என்று முதலில் எழுதியிருந்தாள். அந்த ஊரில் கோடைக்குக் கடிகாரத்தையே நகர்த்தி வைப்பார்கள் என்பது மறந்துபோனது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான்.

அதையும் திருத்தினாள். ஒருநாள் காலை ஏஜென்ட் செவ்வாய்க்கிழமை என்றது. செவ்வாய்க்கிழமை மணியடித்ததும் அவன் எடுத்தான்.

"எடுத்துட்டீங்க!"

"நீதானே கூப்பிட்டே?"

"இல்லை... எடுத்துட்டீங்களேன்னு."

அவன் ஆஸ்பத்திரி கேன்டீனில் நடந்த ஏதோ ஒரு கதையை ஆரம்பித்தான். வழக்கம்போல எங்கோ தொடங்கி எங்கோ போனான். "சரி சரி, விஷயத்துக்கு வாங்க" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம் அது. அதையும் ஏஜென்டுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

சில மாதங்கள் நன்றாக ஓடியது. அக்கா பாட்டெல்லாம் முணுமுணுக்கிறார் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். லீவு கேட்க நல்ல சமயம் என்றும் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஊரெங்கும் காய்ச்சல் பரவியது. டிரைவர்களில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். ஒரு ரூட்டைச் சரிசெய்தால் இன்னொரு ரூட் பிய்த்துக்கொள்ளும். காலை டூட்டிக்கு வந்தவள் மாலையில்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள். வீட்டில் மாமியாருக்கும் காய்ச்சல். அவனுக்கு ஒரு வரி எழுதக்கூட முடியவில்லை. எழுதாமல் விட்டால் அவன் பயந்துபோவான். அதனால் ஏஜென்டுக்கு இன்னொரு கருவி கொடுத்தாள், மெசேஜ் அனுப்புகிற கருவி. இருவரும் முன்பு எழுதிக்கொண்டதை ஞாபகம் வைத்துக்கொள்கிற வசதியும் அந்த ஃபிரேம்வொர்க்கில் இருந்தது. அதையும் இணைத்தாள். தினமும் அவர் என்ன எழுதினாலும் நான் எழுதுவது மாதிரி அன்பாகப் பதில் போடு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல், நேரம் கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல். அப்படி எழுதிவிட்டுச் சார்ட்டுக்குத் திரும்பினாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்பதுதானே, அதை யார் கேட்டால் என்ன என்று அப்போது தோன்றியது.

காய்ச்சல் ஓய்ந்து டிப்போ மூச்சுவிட்ட பிறகு, ஒருநாள் மதியம் வீட்டில் உட்கார்ந்து என்ன பேசியிருக்கிறது என்று திறந்து பார்த்தாள். முதல் இரண்டு மூன்று நாட்களும் சாதாரணப் பேச்சு. அதன்பிறகு அவன் நீளமாக எழுதியிருந்தான்.

அவன் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். பல வாரங்களாக அவன்தான் பார்த்துக்கொண்டான். அவரைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். அவன் பேசுகிற மொழியை அவர் கேலி செய்வார், பிறகு அவனிடமே இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு, அவன் உள்ளே வரும்போதெல்லாம் "வாப்பா வாப்பா" என்பார். அன்றைக்கு விடிகிற நேரத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார். "முகத்தைத் துடைச்சு, துணி மாத்திவிட்டேன். அப்புறம் சாமான் அறைக்குள்ள போய் அழுதுட்டேன். உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்று எழுதியிருந்தான்.

அதற்குக் கீழே அவள் பெயரில் போயிருந்த பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இது மிகவும் கடினமான தருணம். உங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைத்ததும் கூப்பிடுகிறேன்.

அவன் அதற்கு "சரி" என்று மட்டும் போட்டிருந்தான். பிறகு தினமும் ஒரு வரி.

அவள் போனை எடுத்தாள். அட்டவணை எதையும் பார்க்கவில்லை. அப்படியே கூப்பிட்டுவிட்டாள். அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அது நான் இல்லைங்க."

"தெரியும்."

"எப்ப தெரிஞ்சது?"

"ரெண்டாம் நாளே. நீ 'மிகவும்'னு எழுதுவியா? உடம்பைப் பார்த்துக்கோங்கன்னு நீ எப்பயாவது சொல்லியிருக்கியா? 'ஒழுங்கா தின்னுங்க'ன்னுதானே சொல்லுவே."

"அப்ப ஏன் அதுகிட்ட அவ்வளவு எழுதினீங்க?"

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என்னைக்காவது நீ திறந்து படிப்பேன்னு நினைச்சேன். வேற எங்க எழுதறது? நீ அங்க வேலையில செத்துக்கிட்டிருக்கேன்னு அம்மா சொன்னாங்க. உன்னை எழுப்பவும் மனசு வரலை."

அவள் அழுதாள். அவன் பஸ்ஸை விட்டுவிட்டான். அடுத்த பஸ் வரும்வரை அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் பல் செட்டை எங்கே ஒளித்து வைப்பார், எந்த டீயைக் குடிக்க மாட்டார் என்றெல்லாம் சொன்னான். அவள் ஒருதடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

அன்றைக்கே அந்த மெசேஜ் கருவியை எடுத்துவிட்டாள். ஃபிரேம்வொர்க்கில் அது ஒரு வரி வேலை. கருவிகள் இருக்கிற இடத்தில் அதன் பெயரை அழித்தால் முடிந்தது. ஞாபகம் வைத்துக்கொள்கிற வசதியையும் எடுத்தாள். இனி அது நேரம் மட்டும் சொல்லட்டும், பேசுவது எங்கள் பாடு என்று முடிவு செய்தாள்.

ஆனால் அடுத்த மாதம் அவனுக்குத் தொடர்ந்து ராத்திரி டூட்டி விழுந்தது. ஏஜென்ட் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னது: இந்த வாரம் இருவருக்கும் பொதுவான நேரம் இல்லை. அவளுக்கு மதிய டூட்டி வந்த வாரங்களில் எல்லாம் அதையே சொன்னது. அவள்தான் அப்படிச் சொல்லப் பழக்கியிருந்தாள். இருந்தாலும் படிக்கும்போது நெஞ்சில் குத்தியது. அதனால் வேறு மாதிரி கேட்டாள். நான் எந்த டூட்டியில் இருந்தால் நேரம் கிடைக்கும்? முழுக்கக் காலை டூட்டியில் இருந்தால், அவர் வேலை முடிந்து வந்ததும் தினமும் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்றது.

அவளோடு டூட்டி மாற்றிக்கொள்கிற இன்னொரு கிளார்க்கை டிப்போவில் மீசை என்பார்கள். மீசை இருந்த காலத்தில் வைத்த பெயர். வழித்த பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரிடம் போய் நின்றாள். எல்லாருடைய லீவையும் மாற்றிக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று கேட்கத் தெரியவில்லை.

"சார், மதிய டூட்டியை மட்டும் நீங்களே பாக்க முடியுமா? கொஞ்ச மாசத்துக்கு."

மீசை பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுக்காரர்கிட்ட பேசறதுக்கா?"

தலையாட்டினாள்.

"எடுத்துக்கோம்மா. எனக்குக் காலையில எழுந்திரிக்கறதுன்னாலே ஜுரம் வந்த மாதிரிதான். இத்தனை நாளா நீ கேக்க மாட்டியான்னு நான் காத்துக்கிட்டிருக்கேன்."

அந்த ஆஸ்பத்திரியில் அவனோடு வேலை செய்கிற சில நர்சுகள் இப்போது 'பேச்சு'வைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேசத்தில் வீடு. அவரவர் மணிக்கேற்ப அவள்தான் மாற்றிக் கொடுத்தாள். ஒருத்தி தன் மகள்களிடம் பேச நேரம் கிடைத்தது என்று சொல்லி, மொழி தெரியாததால் இரண்டு கைகளையும் கூப்பி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அவன் ஒருதடவை லீவில் வந்துவிட்டுப் போனான். வந்த நாட்கள் போனதே தெரியவில்லை. இன்னும் எவ்வளவு காலம் என்பதை இருவருமே பேசுவதில்லை.

டூட்டி முடிந்ததும் டிப்போவின் பயிற்சி அறைக்குப் போய்விடுவாள். அங்கே மதியத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். நேற்று அவன் ராத்திரி டூட்டி முடித்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்துகொண்டு வீடியோவில் வந்தான். புதிதாக வந்த டாக்டரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பாதி வாக்கியத்தில் கண் சொக்கியது. போன் தலையணை மேல் சரிந்து, கன்னமும் காதும் ஜன்னல் ஓரமும் மட்டும் தெரிந்தன. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அவள் துண்டிக்கவில்லை. பெஞ்சில் கையை மடித்து அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முடி வெட்டிக்கொண்டு ரொம்ப நாளாகியிருந்தது. காதோரத்தில் நரை ஒன்றிரண்டு புதிதாகத் தெரிந்தது.

கதவருகே ஒரு டிரைவர் வந்து நின்றார். "அக்கா, நாளைக்கு..."

அவள் உதட்டின்மேல் விரலை வைத்தாள். "மெதுவா. தூங்கறாரு" என்றாள்.